ஃப்ரீசருக்குள் 4078 டிகிரி: வொர்க்கிங் காப்பியைப் பின்னுக்குக் கொண்டுபோன ஒரு சனிக்கிழமை

நேற்று இரவு 9 மணிக்கு என் வெப்பநிலை நிரலுக்கான திருத்தம் கமிட் ஆனது, அதாவது ரிவிஷன் 1189 என்ற எண்ணோடு பதிவானது. அதில் மாறியது ஐந்து ஃபைல்கள். பிழையைச் சரிசெய்தது அவற்றில் ஒரே ஒரு வரி. அந்த வரிக்குப் போய்ச் சேர ஒரு சனிக்கிழமை முழுதாகப் போனது. வழியில் அதற்கு முந்தைய இரண்டு நாள் வேலையையும் நானே என் கையால் அழித்துக்கொண்டேன். எங்கெங்கே தவறான பக்கம் திரும்பினேன் என்பது மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன். கட்டளைகளை வாயால் சொல்வதுபோலவே எழுதியிருக்கிறேன்.

முதலில் சாமான்கள். வெப்பநிலையை அளந்து நாளுக்கு ஒரு ஃபைலாகச் சேமிக்கும் சி மொழியில் ஒரு சின்ன நிரல். சென்சர் டிஎஸ்18பி20. கோட் முழுவதும் சப்வெர்ஷனில் (சுருக்கமாக எஸ்விஎன்; கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் எண்ணிட்டுச் சேமித்துவைக்கும் கருவி) இருக்கிறது; என்னிடம் இருப்பது 1.14 பதிப்பு. அதே ரெப்பாசிட்டரியில், அதாவது சப்வெர்ஷனின் அந்தச் சேமிப்பகத்தில், என்னுடைய வேறு மூன்று திட்டங்களும் குடியிருக்கின்றன. அதனால்தான் ரிவிஷன் எண் ஆயிரத்தைத் தாண்டி நிற்கிறது. சப்வெர்ஷனில் எண் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனித்தனியாக ஓடாது. யார் எதை கமிட் செய்தாலும் ரெப்பாசிட்டரி மொத்தத்துக்கும் ஒரு எண் ஏறும். இது பின்னால் எனக்கு உதவியது.

பல மாதங்களாக அறைக்குள் இருந்த சென்சரை வெள்ளிக்கிழமை இரவு ஃப்ரீசருக்குள் வைத்தேன். சனிக்கிழமை காலை 10 மணிக்கு லாகைத் திறந்தால் வரிசையாக 4078, 4078.0625, 4077.9375 என்று நிற்கிறது. சூரியனின் மேற்பரப்பே ஐயாயிரத்து ஐந்நூறு டிகிரிதான்.

முதல் ஒரு மணி நேரம் வயரைச் சந்தேகப்பட்டேன். 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தேன், சாலிடரை மறுபடி சூடாக்கினேன், வேறு சென்சர் மாட்டினேன். அப்போதும் அதே 4078. இந்த சென்சருக்கு மின்சாரத்தில் கோளாறு என்றால் பெரும்பாலும் 85 என்று காட்டும், ஏனென்றால் உயிர் பெற்றதும் அதன் நினைவில் இருக்கும் எண் அதுதான். 4078 என்பது சென்சரின் வாயிலிருந்து வருகிற எண்ணே இல்லை. இதை முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

பிறகு காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். சென்சர் தருவது இரண்டு பைட், ஒரு படி என்பது டிகிரியில் பதினாறில் ஒரு பங்கு. மைனஸ் 18 என்றால் மைனஸ் 288 படிகள். அதையே குறியில்லாத 16 பிட் எண்ணாகப் படித்தால் 65536-இல் 288 போக 65248. பதினாறால் வகுத்தால் 4078. சரி, சென்சர் ஒழுங்காக மைனஸ் 18 என்றுதான் சொல்கிறது. என் நிரல்தான் மைனஸைத் தின்கிறது.

ஆனால் இது முன்பு சரியாக இருந்தது. மார்ச் 14 அன்று இதே ஃப்ரீசரில் வைத்து எடுத்த லாக் ஃபைல் என்னிடம் இருக்கிறது, அதில் ஒழுங்காக மைனஸ் 17.9375 என்று போட்டிருக்கிறது. அப்படியானால் நடுவில் ஏதோ ஒரு கமிட்டில் நானே கெடுத்திருக்கிறேன். வொர்க்கிங் காப்பியை (என் கணினியில் நான் வேலை செய்யும் பிரதியை) மார்ச் மாத நிலைக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் ஆயிற்று என்று நினைத்தேன்.

இங்கேதான் பெரிய விபத்து.

நான் சில வருடங்கள் மெர்க்கூரியல் என்ற, இதே வகையான இன்னொரு கருவியில் வேலை செய்தவன். அங்கே ‘ரிவெர்ட்’ கட்டளைக்கு ரிவிஷன் எண் கொடுத்தால் ஃபைல்கள் அந்தப் பழைய உள்ளடக்கத்துக்குப் போகும். நாம் கை வைத்து மாற்றியிருந்த ஃபைல்களை ‘.ஓரிக்’ என்ற வாலோடு பக்கத்திலேயே ஒரு பிரதி எடுத்தும் வைத்துவிடும். விரல்களுக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. எஸ்விஎன் ரிவெர்ட், சின்ன ஆர், உத்தேசமாக ஒரு பழைய எண் என்று அடித்தேன். ரிவெர்ட்டுக்கு அந்த ஆப்ஷனே கிடையாது என்று மறுத்துவிட்டது. அந்த மறுப்பைப் படித்து ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், உதவிப் பக்கத்தில் பெரிய ஆர் இருப்பதைக் கண்டு, சரி இதுதான் போல என்று அதைப் போட்டு, ஒரு புள்ளியும் வைத்து என்டர் தட்டினேன்.

சின்ன ஆர் ரிவிஷன். பெரிய ஆர் உள்ளே இருக்கும் எல்லா ஃபோல்டர்களுக்கும் சேர்த்து. அதாவது நான் கொடுத்த கட்டளையின் பொருள்: கமிட் செய்யாத மாற்றம் எதுவாக இருந்தாலும், எத்தனை ஃபோல்டர் ஆழத்தில் இருந்தாலும், அழித்துவிடு.

‘ரிவெர்ட்டட்’ என்று மூன்று வரிகள் திரையில் ஏறின. வியாழனும் வெள்ளியும் உட்கார்ந்து எழுதிய வரைபடப் பகுதி, மூன்று ஃபைல், கமிட் செய்யாதது. எந்தக் கேள்வியும் கேட்கவில்லை, பிரதியும் எடுக்கவில்லை. வொர்க்கிங் காப்பியின் அடியில் இருக்கும் மறைவு ஃபோல்டரைத் தோண்டிப் பார்த்தேன். அங்கே இருப்பது கடைசியாக ரெப்பாசிட்டரியிலிருந்து வந்த சுத்தமான பிரதிகள் மட்டும்தான். நம் கைமாற்றங்கள் அங்கே என்றைக்குமே போய்ச் சேர்வதில்லை.

ஒரே ஆறுதல், எடிட்டரில் அந்த மூன்றில் ஒரு ஃபைல் திறந்திருந்தது. ‘டிஸ்க்கில் ஃபைல் மாறிவிட்டது, மறுபடி ஏற்றவா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தது. வேண்டாம் என்று சொல்லி அப்படியே சேமித்து, வொர்க்கிங் காப்பிக்கு வெளியே வேறொரு இடத்தில் போட்டேன். அதுதான் மூன்றில் பெரியது, 340 வரி. மற்ற இரண்டும் போனது போனதுதான்.

ரிவெர்ட் என்ற இந்த ஒரு சொல்லை மூன்று கருவிகளும் மூன்று பொருளில் வைத்திருக்கின்றன. சப்வெர்ஷனில் கமிட் செய்யாததைத் தூக்கி எறிவது. மெர்க்கூரியலில் பழைய உள்ளடக்கத்தை இங்கே கொண்டுவருவது. கிட்டில் ஒரு பழைய கமிட்டுக்கு எதிரான புதிய கமிட் ஒன்றைப் போடுவது. மூன்றுக்கும் நடுவில் தாவிக்கொண்டு இருப்பவர்கள் இந்தச் சொல்லை அடிக்கும்போது மட்டும் கையை ஒரு நொடி நிறுத்துவது நல்லது.

சப்வெர்ஷனில் எனக்கு வேண்டியிருந்தது ரிவெர்ட் அல்ல, அப்டேட். பெயரைப் பார்த்தால் முன்னால்தான் போகும் என்று தோன்றும், ஆனால் எண் கொடுத்தால் பின்னாலும் போகும். எண் தெரியாவிட்டால் நெளிவு அடைப்புக்குள் தேதியையும் கொடுக்கலாம். மார்ச் 14 என்று கொடுத்தேன். 1038-க்குப் போய் நின்றது. எனக்கு வேண்டிய லாக் அன்று மதியம் எடுத்தது, அன்று காலையில் நான் கமிட் செய்ததாகவும் நினைவு. கமிட்டுகளைப் பட்டியலிடும் எஸ்விஎன் லாகைப் பார்த்தால் ஆமாம், 1041 மார்ச் 14 காலை. நேரம் சொல்லாமல் தேதியை மட்டும் கொடுத்தால் அந்த நாள் தொடங்கும் நள்ளிரவு 12 மணி என்று எடுத்துக்கொள்கிறது. அன்றைய கமிட்டுகள் அதற்குள் வராது. அடுத்த நாள் தேதியைக் கொடுத்தேன், 1041 வந்தது.

மேக் கொடுத்தேன்; மாறிய ஃபைல்களை மட்டும் மறுபடி கம்பைல் செய்து ஓடும் நிரலாக்கும் கட்டளை அது. பிழை கண்டுபிடிக்க ஒவ்வொரு தடவையும் சென்சரை ஃப்ரீசரில் வைத்துக் காத்திருக்க முடியாது, அதனால் காலையில் வந்த மூல பைட்டுகளை ஒரு ஃபைலில் பிடித்துவைத்திருந்தேன். கையால் இரண்டு மதிப்புகளும் சேர்த்திருந்தேன், அதில் ஒன்று மைனஸ் 0.5. நிரலுக்குள் அந்த ஃபைலைச் செலுத்தினேன்.

4078. 4095.5.

மார்ச் மாதக் கோடிலும் அதே பிழை. இது நடக்கக்கூடாது. ஒருவேளை அந்தப் பழைய லாக் வேறு கணினியில் எடுத்ததோ, கம்பைலர் மாறியதால் வந்த வினையோ என்று ஒரு மணி நாற்பது நிமிடம் அலைந்தேன். பழைய கம்பைலரைக்கூட இறக்கி நிறுவப் போய்விட்டேன். அப்போதுதான் டெர்மினலில் மேலே சுருட்டிப் பார்த்தேன். மேக் சொல்லியிருந்த பதில்: செய்வதற்கு ஒன்றும் இல்லை.

நூற்றுச்சொச்சம் ரிவிஷன் பின்னால் போயிருக்கிறேன், பாதி ஃபைல் மாறியிருக்கிறது, ஆனால் கம்பைல் செய்ய ஒன்றும் இல்லையாம்.

காரணம் என்னுடைய பழைய ஆசை ஒன்று. ஃபோல்டரைத் திறந்தால் ஒவ்வொரு ஃபைலும் கடைசியாக எப்போது கமிட் ஆனது என்று தெரிய வேண்டும் என்பதற்காக, சப்வெர்ஷனின் கான்ஃபிக் ஃபைலில் ‘யூஸ் கமிட் டைம்ஸ்’ என்ற வரியை என்றோ ஆன் செய்து வைத்திருந்தேன். இது இல்லாவிட்டால், அப்டேட்டில் மாறும் ஃபைல்களுக்கு அந்த நொடியின் நேரம்தான் விழும். இது இருந்தால், கமிட் ஆன நேரம் விழும். மேக் பார்ப்பது நேரத்தை மட்டும். மார்ச் மாதத் தேதியிட்ட சோர்ஸ், அன்று காலை கம்பைல் ஆகி உருவான ஆப்ஜெக்ட் ஃபைல். ஆப்ஜெக்ட்தான் புதியது, எனவே வேலை இல்லை என்று அது சொன்னதில் தவறே இல்லை. நான் மார்ச் மாதக் கோடைப் பார்த்துக்கொண்டு இன்றைய நிரலை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மேக் கிளீன் கொடுத்துப் பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்களை அழித்தேன், அப்புறம் மேக். மைனஸ் 18, மைனஸ் 0.5. அப்பாடா.

இனி 1041-க்கும் 1187-க்கும் நடுவில் குற்றவாளி. 146 ரிவிஷன். ஆனால் பெரும்பாலானவை மற்ற மூன்று திட்டங்களுடையவை. இந்த ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு எஸ்விஎன் லாக் எடுத்தால் இந்த ஃபோல்டரைத் தொட்டவை மட்டும் வரும். எண்ணினேன், 38. கிட்டில் இதற்கென்றே பைசெக்ட் என்ற கட்டளை இருக்கிறது. சப்வெர்ஷனோடு அப்படி எதுவும் வருவதில்லை. 38 எண்களையும் காகிதத்தில் வரிசையாக எழுதி, பாதி பாதியாக வெட்டிப் போவது என்று முடிவு செய்தேன். அதிகபட்சம் ஆறு சோதனை. ஒவ்வொன்றுக்கும் சுமார் ஆறு நிமிடம். முக்கால் மணி நேரத்தில் முடியும் என்று கணக்கு.

மூன்று மணி நேரம் ஆனது.

முதல் வெட்டு பட்டியலில் 19-ஆவது, ரிவிஷன் 1114. மேக் கிளீன் மறந்துவிடும் என்று பயந்து, நான் வழக்கமாகப் பயன்படுத்தும் முழு பில்ட் ஸ்கிரிப்டை ஓட்டினேன், அது கிளீனும் சேர்த்தே செய்யும். விடை: கெட்டது. சரி, குற்றவாளி இதற்குக் கீழே. ஸ்கிரிப்ட் ஆவணங்களையும் சேர்த்து உருவாக்கி நாலு நிமிடம் தின்றதால், அடுத்ததிலிருந்து கையாலேயே கிளீனும் மேக்கும் கொடுத்தேன். 1078 நல்லது. 1098 கம்பைலே ஆகவில்லை, அந்த வாரம் எதையோ பாதியில் விட்டு கமிட் செய்திருக்கிறேன். பக்கத்து எண்ணுக்கு நகர்ந்தேன். 1101 நல்லது. 1108 நல்லது. 1112 நல்லது. அப்படியானால் குற்றவாளி 1114.

1114-இன் மாற்றத்தைத் திறந்தேன். ரீட்மீ ஃபைலில் ஓர் எழுத்துப்பிழைத் திருத்தம். வேறு ஒன்றும் இல்லை.

எழுத்துப்பிழையைத் திருத்தினால் வெப்பநிலை எகிறாது. மறுபடி 1114-க்குப் போய், அந்த ஸ்கிரிப்டையே மறுபடி ஓட்டி, இந்தத் தடவை ஸ்கிரிப்ட் முடிந்ததும் ‘எஸ்விஎன் வெர்ஷன்’ கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். வொர்க்கிங் காப்பி இப்போது எந்த ரிவிஷனில் இருக்கிறது என்று ஒரே வரியில் சொல்வது அது. 1187 என்றது.

ஸ்கிரிப்டைத் திறந்தால் இரண்டாவது வரியிலேயே நிற்கிறது: எஸ்விஎன் அப்டேட். வெளியீட்டை ஒரு லாக் ஃபைலுக்குத் திருப்பிவிட்டிருந்ததால் திரையில் எதுவும் தெரியவில்லை. சப்வெர்ஷனில் நாம் பின்னுக்குப் போய் நின்றது எங்கும் ஒட்டிக்கொள்வதில்லை. எண் இல்லாமல் ஒரு அப்டேட் விழுந்தால் அடுத்த நொடியே தலைப்பகுதிக்கு, அதாவது கடைசி ரிவிஷனுக்கு, வந்துவிடும். 1114 என்று நினைத்துக்கொண்டு நான் சோதித்தது 1187-ஐ.

1114-ஐக் கையால் சோதித்தேன், நல்லது. காகிதத்தின் கீழ்ப்பாதி முழுவதும் வீண். மேல்பாதிக்குப் போனேன். 1150 கெட்டது. 1131 கெட்டது. 1121 கெட்டது. 1119 கெட்டது. 1114-க்கும் 1119-க்கும் நடுவில் பட்டியலில் வேறு எண் இல்லை. 1119தான்.

கமிட் செய்தியில் நான் எழுதியிருந்தது ‘டைப்களைச் சுத்தம் செய்தல்’. ஆறு ஃபைல். ஹெடர் ஃபைலில் மூல மதிப்புக்கான டைப், குறியுள்ள 16 பிட்டிலிருந்து குறியில்லாத 16 பிட்டாக மாறியிருந்தது. முன்னால் ஒரு ‘யூ’ எழுத்து, அவ்வளவுதான். மூன்று சி ஃபைல்களில் அதை ஒட்டிய மாற்றங்கள். ஒரு துணை ஹெடரையே நீக்கியிருந்தேன். ஆறாவது, தேதி பார்க்கும் ஃபைலில் வேறு ஏதோ ஒரு திருத்தம். இதைப் பார்த்தும் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாலை 6 மணி. ஃபைலைத் திறந்து அந்த ஒரு எழுத்தை அழித்திருந்தால் முடிந்திருக்கும், உண்மைதான். ஆனால் மற்ற மூன்று ஃபைல்களிலும் அந்த டைப்பை நம்பி என்னென்ன மாற்றினேன் என்று நினைவில்லை. முழுதாகத் திருப்புவதுதான் பாதுகாப்பு என்று பட்டது.

1118-க்கு அப்டேட் செய்தேன். எல்லாம் ஒழுங்காக ஓடியது. இந்த நிலையை அப்படியே ரெப்பாசிட்டரிக்கு அனுப்பிவிடலாம் என்று கமிட் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. பிழைச்செய்திகூட இல்லை, சும்மா அடுத்த வரிக்கு வந்து நின்றது. யோசித்தால் நியாயம்தான். 1118-ஐப் பொறுத்தவரை நான் எதையும் மாற்றவில்லை, அனுப்ப என்ன இருக்கிறது? மாற்றம் இருந்தால்தானே போகும் என்று ஹெடரில் பதிப்பு எண்ணை மாற்றிவிட்டு மறுபடி கமிட். இப்போது 155011 என்ற எண்ணோடு ஒரு பிழை: உன் ஃபைல் காலாவதியானது. சரி என்று அப்டேட் கொடுத்தால், 1187 முழுதாகத் திரும்பி வந்துவிட்டது, பிழையும் கூடவே வந்தது.

பழைய ரிவிஷனுக்கு அப்டேட் செய்வது அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு மட்டும்தான். அங்கிருந்து எதையும் தூக்கிக்கொண்டு வர முடியாது. தூக்கி வர வேண்டுமென்றால் நாம் தலைப்பகுதியில் நின்றுகொண்டு, பழைய மாற்றத்தைத் தலைகீழாக மெர்ஜ் செய்ய வேண்டும், அதாவது அதை நீக்கும் எதிர்மாற்றத்தை இன்றைய கோடில் கலக்க வேண்டும். பழைய ரிவிஷனை எக்ஸ்போர்ட் எடுத்து இன்றைய ஃபைல்கள் மேல் காப்பி போடும் குறுக்குவழியும் நினைவுக்கு வந்தது. அப்படிச் செய்தால் 1119-க்குப் பிறகு வந்த மற்ற கமிட்டுகளும் சத்தமில்லாமல் அடிபட்டுப்போகும். வேண்டாம் என்று விட்டேன்.

பதிப்பு எண்ணில் செய்த மாற்றத்தைக் களைந்துவிட்டு, முதலில் அந்த மைனஸ் பைட்டுகள் உள்ள சோதனை ஃபைலைச் சேர்த்து கமிட் செய்தேன். 1188. அப்புறம் மெர்ஜ். ஒரு ரிவிஷனைத் திருப்ப சின்ன சி ஆப்ஷனுக்குப் பிறகு எண்ணுக்கு முன்னால் ஒரு மைனஸ் போட வேண்டும்: எஸ்விஎன் மெர்ஜ், சி, மைனஸ் 1119, புள்ளி. இதையே ரேஞ்சாக எழுதினால் 1119-இலிருந்து 1118-க்கு. 1187-இலிருந்து 1119 வரை என்று கொடுத்தால் 1120 முதல் உள்ள எல்லாம் போகும், ஆனால் குற்றவாளியான 1119 மட்டும் பத்திரமாக நிற்கும். ரேஞ்சின் இரண்டாவது எண் நாம் போய்ச் சேர வேண்டிய இடம், அதனால் எப்போதும் ஒன்று குறைவு.

மறுத்தது. கலவையான ரிவிஷன் உள்ள வொர்க்கிங் காப்பியில் மெர்ஜ் செய்ய மாட்டேன், முதலில் அப்டேட் செய் என்றது. சதுர அடைப்புக்குள் 1187, முக்காற்புள்ளி, 1188. இப்போதுதானே கமிட் செய்தேன், அதற்குள் என்ன கலவை? கமிட் செய்தால் அந்த ஃபைலுக்கு மட்டும்தான் 1188 என்று எண் ஏறும், மற்றவை பழைய எண்ணிலேயே நிற்கும். 1.7 பதிப்பிலிருந்து மெர்ஜ் இப்படி அடம் பிடிக்கிறது. ஒரு அப்டேட், அப்புறம் மறுபடி அதே மெர்ஜ்.

நாலு ஃபைலுக்கு முன்னால் யூ, ஒன்றுக்கு ஏ, ஒன்றுக்கு சி. யூ என்றால் சிக்கலில்லாமல் மாறியது. ஏ என்பது நான் நீக்கியிருந்த துணை ஹெடர். ஸ்டேட்டஸில் ஏ-வுக்குப் பக்கத்தில் ஒரு பிளஸ் குறியும் இருந்தது, அதாவது பழைய வரலாறோடு உயிர்த்தெழுந்திருக்கிறது. கையால் காப்பி போட்டிருந்தால் அந்த பிளஸ் வந்திருக்காது. சி என்பது கான்ஃப்ளிக்ட், அதாவது ஒரே இடத்தில் இரண்டு மாற்றங்களின் மோதல்; அது டைப் வரி இருந்த அந்த ஹெடரேதான். 1150-இல் அந்த வரிக்கு நேர் கீழே ஒரு மாறிலியைச் சேர்த்திருந்தேன். ஃபைலுக்குள் இடப்பக்கம் சாய்ந்த ஏழு அம்புக்குறிகளுக்குக் கீழே என் இன்றைய வரிகள், சமக்குறிகளுக்குக் கீழே 1118-இன் வரி. குறியுள்ள டைப்பையும் புதிய மாறிலியையும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்தேன். பக்கத்தில் ‘வொர்க்கிங்’, ‘மெர்ஜ் லெஃப்ட்’, ‘மெர்ஜ் ரைட்’ என்ற வால்களோடு மூன்று ஃபைல்கள் முளைத்திருந்தன. ரிசால்வ் கட்டளையில் ‘என் வொர்க்கிங் பிரதியை ஏற்றுக்கொள்’ என்று சொன்னதும் தாமாகவே மறைந்தன. மெர்ஜ் கொடுத்ததிலிருந்து இதுவரை 11 நிமிடம்.

சோதனை: மைனஸ் 18, மைனஸ் 0.5. கமிட் செய்யப் போனவன், என்னவோ தோன்றி நள்ளிரவுச் சோதனையையும் ஓட்டினேன். நாள் மாறும் இடத்தில் லாக் இரண்டு ஃபைலாகப் பிரிய வேண்டும். பிரியவில்லை.

1119-இல் ‘வேறு ஏதோ ஒரு திருத்தம்’ என்று தள்ளிவிட்டேனே, அந்தத் தேதி ஃபைல். அது நள்ளிரவுப் பிழைக்கான நிஜமான திருத்தம். டைப் சுத்தத்தோடு சேர்த்து ஒரே கமிட்டில் போட்டிருக்கிறேன், செய்தியில்கூட சொல்லவில்லை. இப்போது தலைகீழ் மெர்ஜ் அதையும் சேர்த்துத் திருப்பிவிட்டது. நல்லவேளை, இன்னும் கமிட் செய்யவில்லை. இந்த ஒரு ஃபைலில் மட்டும் மெர்ஜ் கொண்டுவந்த மாற்றம் வேண்டாம், மற்ற ஐந்திலும் வேண்டும். அதற்கான கட்டளை என்ன தெரியுமா? காலையில் என் வயிற்றில் அடித்த அதே ரிவெர்ட். இந்தத் தடவை பெரிய ஆர் இல்லாமல், ஒரே ஒரு ஃபைலின் பெயரோடு. என்டர் தட்டுவதற்கு முன் மூன்று முறை படித்தேன்.

மேக். நள்ளிரவுச் சோதனை. மறுபடி தோல்வி.

ஐந்து நிமிடம் திரையை வெறித்த பிறகு உறைத்தது. யூஸ் கமிட் டைம்ஸ் வரியை அணைக்க வேண்டும் என்று மதியமே நினைத்தேன், அணைக்கவில்லை. அது அப்டேட்டுக்கு மட்டுமல்ல, ரிவெர்ட்டுக்கும் பொருந்தும். தேதி ஃபைலுக்குப் பழைய கமிட் நேரம் விழுந்துவிட்டது, பத்து நிமிடம் முன்பு உருவான ஆப்ஜெக்ட் அதைவிடப் புதியது. கிளீன், மேக், சோதனை. இரண்டு ஃபைலாகப் பிரிந்தது. முதலில் கான்ஃபிக்கைத் திறந்து அந்த வரியின் முன்னால் ஒரு ஹேஷ் போட்டு அணைத்தேன், அப்புறம்தான் கமிட். 1189.

கணக்கு: வயரோடு மல்லுக்கட்டியது 1 மணி. ரிவெர்ட் விபத்தும் மீட்பும் 1 மணி. பழைய ஆப்ஜெக்ட் குழப்பம் 1 மணி 40 நிமிடம். பாதியாக வெட்டித் தேடியது 3 மணி, அதில் பாதிக்கு மேல் அந்த ஸ்கிரிப்டின் உபயம். கமிட் ஆகாமல் தடுமாறியது 1 மணி. மெர்ஜ், கான்ஃப்ளிக்ட், சோதனைகள் 1 மணி 20 நிமிடம். மொத்தம் 9 மணி நேரம். இது போக, அழிந்துபோன இரண்டு ஃபைல்களை இன்று காலை உட்கார்ந்து மறுபடி எழுத 5 மணி நேரம். இரண்டாம் தடவை எழுதும்போது கோட் சுருக்கமாக வந்தது என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

இன்றைக்கே சில மாற்றங்கள் செய்துவிட்டேன். பில்ட் ஸ்கிரிப்டிலிருந்து அப்டேட் வரியை எடுத்தாயிற்று. அதற்குப் பதிலாக எஸ்விஎன் வெர்ஷன் தரும் எண்ணை நிரலுக்குள்ளேயே பதித்து, லாக் ஃபைலின் முதல் வரியில் அச்சாகும்படி செய்தேன். மார்ச் லாகில் இது இருந்திருந்தால் தேதியை வைத்துக் குடைந்திருக்க வேண்டியதில்லை. எண்ணுக்குப் பின்னால் எம் என்ற எழுத்து வந்தால் கமிட் செய்யாத மாற்றத்தோடு பில்ட் ஆகியிருக்கிறது என்று அர்த்தம், அதுவும் லாகில் தெரியும்.

பின்னுக்குப் போய்ப் பார்க்க இனி வேலை நடக்கும் வொர்க்கிங் காப்பியைத் தொடப் போவதில்லை. பக்கத்தில் தனி ஃபோல்டரில் வேண்டிய ரிவிஷன் எண்ணோடு ஒரு செக்அவுட், அதாவது ரெப்பாசிட்டரியிலிருந்து ஒரு புதுப் பிரதி. சோதித்துப் பார்த்தேன், 48 எம்பி, 20 நொடி. அதில் கமிட் செய்யாத வேலை என்று எதுவும் இருக்காது, என்ன கட்டளை அடித்தாலும் நஷ்டம் 20 நொடிதான். கிட்டில் இதற்கு வொர்க்ட்ரீ என்றே ஒரு கட்டளை 2.5 பதிப்பிலிருந்து இருக்கிறது, ஒரே ரெப்பாசிட்டரிக்கு இரண்டாவது வேலை ஃபோல்டர் கிடைக்கும்.

ரிவெர்ட்டுக்கு ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி அதன் வழியாகத்தான் இனி. முதலில் கமிட் செய்யாத மாற்றங்களைக் காட்டும் எஸ்விஎன் டிஃப் எடுத்து, தேதி நேரத்தோடு வெளியே ஒரு பேட்ச் ஃபைலாகச் சேமிக்கும், அப்புறம்தான் ரிவெர்ட்டைக் கூப்பிடும். இதில் ஒரு ஓட்டை உண்டு: படம் போன்ற பைனரி ஃபைல்களின் மாற்றம் அந்த டிஃபில் வராது. என் திட்டத்தில் அப்படி ஒரே ஒரு ஐகான் ஃபைல்தான், அதனால் இப்போதைக்கு விட்டுவிட்டேன்.

இன்னும் தீராதது 1098. கம்பைல் ஆகாத அந்த கமிட் வரலாற்றில் அப்படியே கிடக்கும், அடுத்த தடவை வெட்டித் தேடும்போதும் காலை இடறும். காகிதத்தில் அதன் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டு, அந்தக் காகிதத்தை மானிட்டருக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். சென்சர் இன்னும் ஃப்ரீசருக்குள்தான் இருக்கிறது. இதை எழுதும்போது கடைசி வரி மைனஸ் 18.125.